பறவைத் தொட்டி: ஊற்றுவதற்கு முன் கொட்டுங்கள்

உங்கள் தோட்டத்தில் பறவைகளுக்காக வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரை, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். மண்ணோ கல்லோ சிமென்டோ, அதன் இயல்பான சொரசொரப்பு விரலில் தட்டுப்பட்டால் நல்லது. கொழகொழவென்று வழுக்கினால், அந்தத் தொட்டியைக் கழுவ வேண்டிய நாள் ஏற்கெனவே கடந்துவிட்டது. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கலாம், இன்று காலையில்தான் ஊற்றியதாகவும் இருக்கலாம். அந்த வழுக்கல் தண்ணீரில் இல்லை, சுவரில் இருக்கிறது. புதுத் தண்ணீர் அதன்மேல்தான் போய் நிற்கிறது.

தொட்டி வைத்த புதிதில் எனக்கு இது தெரியாது. நீர்மட்டம் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தேன். அதுவே பராமரிப்பு என்றும் நம்பியிருந்தேன். ஒரு நாள் காலையில் தொட்டி விளிம்பில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. இறகுகளை உப்பவைத்துக்கொண்டு, பந்து போல. அலகைத் தண்ணீரில் வைத்தது, எடுத்தது, தொண்டை அசைந்தது. ஆனால் விழுங்க முடியவில்லை. அலகோரத்தில் எச்சில் ஒட்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்துக்கு நான் போன பிறகும் அது பறக்கவில்லை. மறுநாள் வேலியோரத்தில் இறந்து கிடந்தது. அதன் நோய் என் தொட்டியிலிருந்து வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அது அலகு வைத்த அதே தண்ணீரில், அரை மணி நேரம் கழித்து ஏழெட்டுக் குருவிகள் முங்கி எழுந்ததை நான் பார்த்தேன். தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

ஓடையும் இல்லை, குட்டையும் இல்லை

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. வெயில் ஏறும்போது வாயைத் திறந்து மூச்சிரைத்து, உடலிலுள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. இழந்த நீரைக் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். குளியலும் அவற்றுக்கு வெறும் விளையாட்டு அன்று. நனைந்த இறகிலிருந்து தூசி எளிதில் விட்டுப்போகிறது. குளித்து முடித்த பறவை, வாலின் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து இறகுகளில் பூசி, ஒவ்வோர் இறகாகக் கோதி ஒழுங்குபடுத்துகிறது. அந்த ஒழுங்கு குலைந்தால் பறப்பதும் கடினம், உடல் வெப்பத்தைக் காப்பதும் கடினம்.

ஆகவே பறவைகள் தண்ணீரைத் தேடி வரத்தான் செய்யும். இயற்கையில் அவற்றுக்கு ஓடையோ மழைக்குட்டையோ கிடைக்கிறது. ஓடையில் விழுந்த எச்சத்தை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. குட்டை ஓடுவதில்லை என்றாலும் சில நாளில் காய்ந்துவிடுகிறது. காயும்போது அதிலிருந்த கிருமிகளில் பலவும் கொசுப்புழுக்களும் மடிந்துபோகின்றன. நாம் வைக்கும் தொட்டி ஓடுவதும் இல்லை, காய்வதும் இல்லை. காயவிடாமல் நாம்தான் அன்போடு ஊற்றிக்கொண்டே இருக்கிறோமே! ஓடையும் வெயிலும் செய்ய வேண்டிய அந்த இரண்டு வேலைகளையும் நம் கையால் செய்வதுதான் தொட்டிப் பராமரிப்பு. பழைய தண்ணீரைக் கொட்டுவது ஒன்று, பாத்திரத்தை உலரவிடுவது இன்னொன்று. பிரஷ், வினிகர் எல்லாம் இவற்றுக்குத் துணைதான்.

மேலே மேலே ஊற்றுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. எச்சம், தூசி, உதிர்ந்த இறகு, காய்ந்த இலை, நீரிலிருந்த உப்பு எல்லாம் அடியில் தங்கிவிடுகின்றன. நாம் ஊற்றுவது போன தண்ணீரை மட்டும்தான் ஈடுகட்டுகிறது. அழுக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. இதில் காகங்களின் பங்கு தனி. எங்கோ பொறுக்கிய காய்ந்த ரொட்டித் துண்டையும் எலும்பையும் கொண்டுவந்து தண்ணீரில் ஊறப்போட்டு, மென்மையான பிறகு எடுத்துத் தின்னும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. சிலசமயம் போட்டதை மறந்துவிட்டும் போய்விடும். மாலைக்குள் தண்ணீர் கலங்கி, கிட்டப் போனாலே வாடை அடிக்கும்.

இப்படித் தங்கும் அழுக்குதான் பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் தீனி. பறவை எச்சம் அவற்றுக்கு நல்ல உரம். உரமும் வெயிலும் சேர்ந்தால் சில நாளிலேயே தண்ணீர் பச்சை கட்டத் தொடங்கிவிடும். ஆனால் பச்சை நிறம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தக் கொழகொழப்பு வந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் கூட்டமாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் வாழ்கின்றன. அந்தப் படலம் வெறும் தண்ணீரில் அலசினால் போகாது, தேய்த்தால்தான் போகும். தண்ணீரை மாற்றுவது வேறு, தொட்டியைக் கழுவுவது வேறு என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எதைத் தடுக்கிறோம்

புறாக்களின் வாயிலும் தொண்டையிலும் இரைப்பையிலும் டிரைக்கோமோனஸ் என்ற ஓரணு ஒட்டுண்ணி வாழ்கிறது. பல புறாக்கள் நோயின் அறிகுறியே இல்லாமல் அதைச் சுமந்து திரிகின்றன. நோயாக முற்றும்போது தொண்டையில் மஞ்சள் நிறக் கட்டிகள் வளர்ந்து, இரையும் நீரும் இறங்காமல் பறவை பட்டினியால் சாகிறது. பெரும்பாலான பறவைகள் ஒரு வாய் நீரை அள்ளித் தலையை அண்ணாந்து விழுங்கும். புறா அப்படியில்லை. அலகை நீருக்குள் வைத்தபடியே உறிஞ்சும். அதன் எச்சில் தண்ணீரில் கலப்பதற்கு இதைவிட என்ன வழி வேண்டும்? அடுத்து வந்து குடிக்கும் பறவைக்கு ஒட்டுண்ணி போய்விடுகிறது.

புறாக்களின் நோயாக அறியப்பட்டிருந்த இது, 2005ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஃபிஞ்ச் வகைச் சிறு பறவைகளிடம் பரவத் தொடங்கியது. அங்குள்ள தோட்டங்களில் சர்வ சாதாரணமாகத் தென்பட்ட கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சை நிறக் குருவி அடுத்தடுத்த ஆண்டுகளில் மளமளவென்று குறைந்தது. 2021இல் அந்நாட்டின் அழிவு அபாயச் சிவப்புப் பட்டியலில் அதைச் சேர்க்கும் நிலை வந்தது. தோட்டங்களில் மக்கள் பரிவோடு வைத்த தீனித் தட்டுகளும் நீர்த் தொட்டிகளும் பறவைகளை ஓரிடத்தில் கூட்டிச் சேர்த்து, நோய் கைமாறும் இடங்களாகிவிட்டன. இதைப் படித்த நாளில் எனக்கு மனம் கனத்துவிட்டது. ஆனால் இந்த ஒட்டுண்ணிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதற்கு ஈரம் வேண்டும். நன்றாகக் காய்ந்த பாத்திரத்தில் அது பிழைக்காது.

எச்சத்தின் வழியே பரவும் சால்மோனெல்லா பாக்டீரியா இன்னொரு தொல்லை. அது மனிதர்களுக்கும் வரக்கூடியது என்பதால் தொட்டி கழுவும்போது கையுறை போட்டுக்கொள்வதும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

பிறகு கொசு. வெதுவெதுப்பான காலத்தில் கொசு முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரம் ஒருமுறையாவது தண்ணீரை முழுக்கக் கொட்ட வேண்டும் என்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. கறுப்புப் புள்ளிகள் போல இருக்கும் அந்த முட்டைகள் பாத்திரம் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிந்துவிடும். உலர்த்தல் தோற்றுப்போகும் இடம் இது. இங்கே பிரஷ்தான் காப்பாற்றும். தேய்க்கும்போது எல்லோரும் அடிப்பகுதியைத்தான் தேய்ப்பார்கள். விளிம்பை ஒட்டிய சுவரை மறந்துவிடாதீர்கள்.

கழுவும் முறை

தினசரி வேலை மிகச் சிறியது. காலையில் தொட்டியைக் கவிழ்த்து முழுவதும் கொட்டுங்கள், பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் தேய்த்து அலசுங்கள், புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம். கொட்டும் தண்ணீர் மரத்தடிக்கும் பூச்செடிக்கும் போகட்டும். பச்சையாகச் சாப்பிடும் இலைகள் வளரும் பாத்திக்கு மட்டும் வேண்டாம், அதில் எச்சம் கலந்திருக்கிறது. தினமும் முடியாதவர்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது செய்யலாம். கோடையில் மட்டும் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் அதிகம் வருவதும், தண்ணீர் சீக்கிரம் கெடுவதும் அப்போதுதான்.

வாரம் ஒருமுறை முறையான கழுவல். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டு, கெட்டியான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பாசி இளகும். நீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு சுவரில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதையும் வினிகர் கரைக்கும். உள்ளே கூழாங்கற்கள் போட்டிருந்தால் அவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தேயுங்கள். தொட்டி பளபளவென்று இருந்து, கற்களின் அடிப்பக்கம் மட்டும் வழவழவென்று இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். இந்தப் பிரஷ்ஷைப் பறவைத் தொட்டிக்கென்றே தனியாக, சமையலறைக்கு வெளியே வைத்திருங்கள்.

துணி சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதுதான் அவற்றின் வேலை. பறவை பாடுபட்டு இறகில் பூசிய எண்ணெயும் அவற்றுக்குப் பிசுக்குதான். சரியாக அலசாமல் தங்கிய சோப்பு நீரில் குளித்த பறவையின் இறகு, தண்ணீரை உதறும் தன்மையை இழந்துவிடும்.

பாசி முற்றிப்போயிருந்தாலோ, நோயுற்ற பறவை வந்து போயிருந்தாலோ வினிகர் போதாது, கிருமிநீக்கம் தேவை. வீட்டில் பயன்படுத்தும் வாசனை சேர்க்காத திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. தூளாக விற்கும் பிளீச்சிங் பவுடர் இதைவிடக் கடுமையானது, இந்த அளவு அதற்குப் பொருந்தாது. முதலில் வெறும் தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் இந்தக் கலவையை ஊற்ற வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. பத்து பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். அந்த நேரத்தில் பறவைகள் வந்து குடித்துவிடாதபடி ஒரு பலகையால் மூடிவையுங்கள். பிறகு குளோரின் வாடை அறவே போகும்வரை அலசி, வெயிலில் முழுவதும் காயவிட்ட பின்பே தண்ணீர் ஊற்றலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது, தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் அது பாதிக்கும். ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

"காயவைத்தால் அதுவரை பறவைகள் தண்ணீருக்கு எங்கே போகும்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். ஒன்று தண்ணீரோடு வெளியே இருக்கட்டும், மற்றது கழுவி வெயிலில் கவிழ்ந்து கிடக்கட்டும். மறுநாள் மாற்றிவிடுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். அலங்காரமான ஒற்றைத் தொட்டியைவிட, சாதாரணமான அகன்ற மண்தட்டுகள் இரண்டு பறவைகளுக்கு அதிக நன்மை செய்யும்.

வேலையைக் குறைக்கும் சில ஏற்பாடுகள்

கழுவ எளிதான தொட்டியைத்தான் மனிதர்கள் கழுவுவார்கள். தூக்க முடியாத கனமான கல்தொட்டியை மாதக்கணக்கில் யாரும் கவிழ்ப்பதில்லை. புதிதாக வாங்குபவர்கள் தூணும் தட்டும் தனித்தனியாகக் கழலும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே கனமான தொட்டி இருந்தால் குவளையால் மொண்டுவிட்டு, மிச்சத்தைப் பெரிய பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

ஆழம் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் போதும். குருவிக்கு வயிறு நனைந்தால் குளியல்தான். ஓரத்தில் ஆழம் குறைந்து நடுவை நோக்கிச் சரிந்தால் சிறியதும் பெரியதும் தத்தமக்கு ஏற்ற இடத்தில் நின்றுகொள்ளும். உட்புறம் வழவழப்பாக இருந்தால் பறவை இறங்கவே தயங்கும். ஒரு தட்டையான கல்லைப் போட்டுவையுங்கள், தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அது கரையாகும்.

நிழல் இருந்தால் பாசி மெதுவாகத்தான் வளரும், தண்ணீரும் சுடாது. ஆனால் கிளைக்கு நேர் கீழே வைத்தால் இலையும், மேலே உட்காரும் பறவைகளின் எச்சமும் நேராக உள்ளே விழும். தீனித் தட்டுக்கு அடியில் வைத்தாலும் இதே கதைதான். மதிய வெயில் மட்டும் மறையும் இடம் சிறந்தது. அடர்ந்த புதரிலிருந்து ஏறத்தாழ மூன்று மீட்டர் தள்ளியிருக்கட்டும். நனைந்த பறவையால் சட்டென்று எழும்ப முடியாது, பதுங்கிய பூனைக்கு ஒரே பாய்ச்சல் போதும்.

நீரை அசைக்கும் சிறிய நீரூற்று வைத்தால் கொசு முட்டையிடத் தயங்கும், சலசலப்பு கேட்டுப் பறவைகளும் வரும். ஆனால் அதன் வடிகட்டியையும் கழற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் வழுக்கல் அங்கே குடியேறும். பாசியையும் கொசுவையும் தடுக்க உப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய் போன்ற எதையும் தண்ணீரில் சேர்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மேலே மிதக்கும் எண்ணெய் கொசுப்புழுவைக் கொல்லும், அதே எண்ணெய் இறகில் ஒட்டினால் பறவையையும் கொல்லும். உறைபனி விழும் இடங்களில் பனிக்கட்டியைச் சம்மட்டியால் உடைக்காமல், வெதுவெதுப்பான நீர் ஊற்றி இளக்கி எடுக்கலாம்.

நோயுற்ற பறவை வந்தால்

இறகை உப்பவைத்துக்கொண்டு அசையாமல் இருப்பது, கிட்டப் போனாலும் பறக்காதது, விழுங்கத் திணறுவது, அலகைச் சுற்றி ஈரமோ ஒட்டிய தீனியோ இருப்பது, கண் வீங்கியிருப்பது. இவற்றில் ஏதாவது தென்பட்டால் அன்றே தொட்டியைக் காலி செய்யுங்கள். பிளீச் கலவையால் கிருமிநீக்கம் செய்து, குறைந்தது இரண்டு வாரம் காய்ந்தபடியே விட்டுவிடுங்கள். தீனித் தட்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தாகத்தோடு வரும் பறவைகளை ஏமாற்றுகிறோமே என்று மனம் அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்துக்கொண்டது. ஆனால் அவை கூட்டமாக ஒரே இடத்துக்கு வராமல் பிரிந்து போவதுதான் அப்போது அவற்றுக்கு நல்லது. இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள்.

புறா இறந்த பிறகு என் தொட்டியும் இரண்டு வாரம் காலியாகக் கிடந்தது. மறுபடி தண்ணீர் வைத்த முதல் இரண்டு நாளும் எந்தப் பறவையும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு மைனா வந்தது. விளிம்பில் நின்று பக்கவாட்டில் தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தது. பிறகு கல்லின்மேல் இறங்கி, மார்பைத் தண்ணீரில் அழுத்தி, இரண்டு சிறகையும் படபடவென்று அடித்தது. ஒரு நிமிடத்தில் பாதித் தண்ணீர் வெளியே போய்விட்டது. அது பறந்த பிறகு மீதியையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன்.